பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்

எங்கள் ஊரில் தெரு என்றால் ஒன்றுதான். மற்றதெல்லாம் சந்து. இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அந்தத் தெருவின் வடகோடியில் தங்கத் தகடு போர்த்திய கூரையோடு சட்டசபை. தென்கோடியில் கல்லால் கட்டிய ரயில் நிலையம், அதன் கோபுரத்தில் பெரிய கடிகாரம். ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். இடையில் பத்து நிமிஷ நடை. எதிர்க்காற்று அடித்தால் இருபது. மேற்கே அடுத்த ஊரான லாரமியில் பறிகொடுத்த தொப்பியை இங்கே வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், அப்படிப்பட்ட காற்று.

முதலில் வந்தது ரயில்தான். தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒரு குளிர்காலத்தில் மேற்கே மலை ஏற முடியாமல் இங்கே கூடாரம் அடித்தார்கள். கூடாரத்தைத் தேடிச் சாராயக்கடை வந்தது, சாராயக்கடையைத் தேடிப் போலீஸ் வந்தது, போலீசுக்குப் பின்னால் அரசாங்கம் வந்தது. வடகோடிக்காரர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். ஆனால் நேரத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். ரயில் கம்பெனி தந்தி அடித்துச் சொன்ன பிறகுதான் இங்கே பன்னிரண்டு பன்னிரண்டானது.

நான் ஹுல்டா. ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். பன்னிரண்டு ஸ்டூல், நான்கு மேஜை. கல்லாவுக்குப் பக்கத்து ஜன்னலில் கோபுரக் கடிகாரம் முழுசாகத் தெரியும் என்பதால் கடைக்குள் நான் கடிகாரமே மாட்டவில்லை. என் வீட்டுக்காரர் சரக்கு வண்டியில் கார்டாக இருந்து நெஞ்சுச் சளியில் போனவர். அவர் போன பிறகும் என் காதில் ரயில் நேரம்தான் ஓடியது.

ஆர்வில் ட்ராஸ்க் என் கடையில் மூன்றாவது ஸ்டூல்காரர். எஞ்சின் டிரைவர். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். இடுப்புப் பையில் வெள்ளிக் கடிகாரம், வாரத்துக்கு முப்பது வினாடிக்கு மேல் தப்பக்கூடாது என்பது கம்பெனி விதி. அவருடையது பத்து வினாடிகூடத் தப்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடிகாரக்காரரிடம் கொண்டுபோய் ஒத்துப்பார்த்து அட்டையில் கையெழுத்து வாங்கி வருவார். கோவிலுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1926இல் அவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தபோது, டிரைவரின் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்தங்கிவிட்டது. எதிரே வண்டி வர நேரமிருக்கிறது என்று நம்பி ஒற்றைத் தடத்தில் போனார்கள். எதிர்வண்டி வந்து மோதுமுன் ஆர்வில் குதித்துத் தப்பினார், டிரைவர் உடைந்த பாய்லரின் கொதிநீரில் போனார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். அதுவும் அவர் மனைவி எட்னாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று.

எட்னா போன பிறகு ஆர்வில் தன் ஒரே மகள் மேவிஸின் வீட்டில்தான் இருந்தார். மாப்பிள்ளை வெர்ன் ஹோகனும் ரயில்காரன், ஃபயர்மேன். அங்கேதான் வந்தது வினை. நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி டீசல் வந்தது. டீசலில் நெருப்பே இல்லை, பிறகு ஃபயர்மேன் எதற்கு என்று கம்பெனி கேட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எங்கள் பிரிவில் முப்பத்தோரு பேரைக் குறைப்பதாகப் பலகையில் ஒட்டினார்கள். சீனியாரிட்டிப் பட்டியலில் சிவப்பு மையால் ஒரு கோடு. கோட்டுக்கு நேர் கீழே முதல் பெயர் வெர்ன். ஜனவரி பிறந்தபோது மேவிஸ் ஆறு மாதக் கர்ப்பிணி.

தென்கோடி சும்மா இருக்கவில்லை. எந்த எஞ்சினிலும் இரண்டு ஆள் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் போடச் சொல்லி, அதற்காகவே நவம்பர் தேர்தலில் ஆர்வில்லை நிறுத்தி ஜெயிக்கவைத்தோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் தொடங்கி நாற்பதே நாள் கூடும் சபை. நாற்பதாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கலைந்தாக வேண்டும். மொத்தம் ஐம்பத்தாறு மெம்பர், மசோதா நிறைவேற இருபத்தொன்பது ஓட்டு.

"இருபத்தொன்பது இருக்கா மாமா?" என்று வெர்ன் என் கடையில் உட்கார்ந்து கேட்டான். முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் அது.

"விரல்விட்டு எண்ணிட்டேன். சரியா இருபத்தொன்பது. என்னையும் சேத்து."

"உங்களச் சேக்காம எப்படி மாமா எண்ணுவீங்க?"

"எண்ணுறதுன்னா எல்லாத்தையும்தான்டா எண்ணணும். ஆடு வளக்கறவன் ஒருத்தன் இருக்கான், நேத்து ஆமாங்கறான், இன்னைக்குத் தலையச் சொறியறான். அவனோட சேத்து இருபத்தொன்பது."

"மெம்பர் அய்யாவுக்கு வடகோடியில மரியாதை எப்படி?" என்று நான் கேட்டேன்.

"மரியாதைக்குக் குறைச்சல் இல்ல ஹுல்டா. நேரத்துக்குத்தான் குறைச்சல். சபைக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது. கிளார்க்கிட்ட சொன்னேன். சிரிக்கிறான். 'இங்க அது பழக்கம் அய்யா'ங்கறான். பழக்கமாம்! நம்ம யார்டுல அப்படி ஒரு கடிகாரம் இருந்தா ஊருல பாதிப் பேரு இருக்க மாட்டாங்க."

"அதுக்காகக் கடிகாரத்தோட சண்டைக்குப் போயிடாதீங்க மாமா. ஓட்டப் போட்டுட்டு வாங்க, போதும்" என்றான் வெர்ன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த தொப்பியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

நாற்பதாம் நாள் காலையிலிருந்தே பொடிப்பனி பறந்தது. தரையில் விழாமல் குறுக்கே ஓடுகிற பனி. நான் பெரிய அண்டாவில் மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாயும் போட்டு சில்லி காய்ச்சியிருந்தேன். எங்கள் பக்கம் அதற்குத் தொட்டுக்கொள்ள, பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிச் சுட்ட சுருள் ரொட்டி. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், மிச்சம் எங்களுக்கு.

ஆர்வில் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கோபுரக் கடிகாரத்தில் பன்னிரண்டே காலுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. புருவமெல்லாம் பனி. கடையில் வேறு இரண்டு பேர்தான் இருந்தார்கள். வெர்னும் மேவிஸும் எல்லாரோடும் சேர்ந்து செய்திக்காக ரயில்காரர் சங்கக் கட்டடத்தில் காத்திருந்தார்கள்.

"என்ன ஆச்சு டிரைவரே?"

"முடிஞ்சு போச்சு" என்று மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சு போச்சுன்னா? ஜெயிச்சுதா, தோத்துதா?"

"எடுக்கவே இல்ல. நமக்கு முன்னாடி ஆறு மசோதா நின்னுது. பன்னெண்டு அடிச்சுது. சபை கலைஞ்சுது. கிளம்பி வந்துட்டேன்."

வெர்னை நினைத்தேன், மேவிஸை நினைத்தேன். ஒரு கிண்ணம் சில்லியும் இரண்டு சுருள் ரொட்டியும் வைத்தேன். வாய்க்கு வார்த்தை வராத நேரத்தில் எனக்குக் கை வேலை செய்யும். அவர் தலை குனிந்து சாப்பிட்டார்.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

"ஹுல்டா கடையா? ட்ராஸ்க் அங்க இருக்காரா?" யாரோ வாலிபக் குரல், மூச்சு வாங்கியது. "உடனே வரச் சொல்லுங்க. சபை நடந்துட்டிருக்கு. அவர் மசோதா வரப்போகுது."

"நடந்துட்டிருக்கா? மணி என்னன்னு தெரியுமா தம்பி?"

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு, அம்மா."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபுரத்தில் பன்னிரண்டு இருபத்திரண்டு. சாவு வீட்டில் கேலி பேசுகிறானே என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால் வந்தது சிரிப்புதான். என் சிரிப்பு உங்களுக்குத் தெரியாது. கோழியைப் பிடித்து அமுக்கின மாதிரி, நாலு கடை தள்ளிக் கேட்கும்.

"பன்னெண்டுக்கு அஞ்சாம்! ஏன்டா, ரயில்காரங்க கடையில வந்து மணி சொல்றியா? வேற ஆளப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றார் ஆர்வில், கிண்ணத்திலிருந்து தலையெடுக்காமல்.

"எவனோ வேலையத்தவன்."

அவர் கைகளை மேடைமேல் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார் போலிருந்தது. 'இந்தக் காற்றில் எங்கே போகிறார்' என்று மாவில் ஆப்பிள் பொதிந்து சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முள்கரண்டியை எடுத்தார்.

ஒன்றே முக்காலுக்கு வெர்ன் வந்தான். கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை.

"மாமா, எங்க போயிட்டீங்க?"

"இங்கதான்."

"கடிகாரத்த நிறுத்திட்டாங்க மாமா! அஞ்சு நிமிஷம் இருக்கும்போது நிறுத்திட்டு ஒண்ணே கால் வரைக்கும் நடத்தினாங்க. நம்ம மசோதாவ எடுத்தாங்க. ஆட்டுக்காரன்கூட ஓட்டுப் போட்டான் மாமா. அவன்கூடப் போட்டான். இருபத்தெட்டு!"

ஆர்வில் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வெர்ன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"நல்லா ஓடுதா மாமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு ஆர்வில் மூன்று வேளையும் என் கடையில்தான் சாப்பிட்டார். வீட்டில் மேவிஸ் அவருக்குச் சாப்பாடு வைக்காமல் இல்லை. தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட சோறு யாருக்கு இறங்கும்? தென்கோடியிலும் அவர் பக்கத்து ஸ்டூல்கள் காலியாகவே கிடந்தன. முப்பத்தெட்டு வருஷம் கூட வண்டி ஓட்டினவர்கள் நான்காவது மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

மார்ச் நடுவில் ஒரு நாள் நான் மேவிஸைப் பார்க்கப் போனேன். கையில் இறைச்சி ரொட்டி, மனசில் ஒரு கல். அவள் சமையலறைத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பறீங்க?"

"ஓரிகன் பக்கம் மரம் அறுக்கிற மில்லு இருக்காம் அக்கா. வெர்னோட தம்பி அங்க இருக்கான். எடம் கிடைக்குமான்னு எழுதிக் கேட்டிருக்கோம்."

"இந்த வயித்தோடயா?"

"வயித்த இங்க விட்டுட்டா போக முடியும்?"

"அப்பா?"

"அவருக்கென்ன, அவரு வாட்ச் இருக்கு." ஒரு தட்டை நறுக்கென்று வைத்தாள். "எனக்கு என்ன எரியுதுன்னா அக்கா, வேணும்னு பண்ணியிருந்தாக்கூடச் சண்டை போடலாம். மணி ஆச்சுன்னு எழுந்து வந்துட்டாராம்! சின்னப் புள்ள பள்ளிக்கூட மணி அடிச்சதும் ஓடி வர்ற மாதிரி. அத்தனை பேரு உக்காந்திருக்காங்களே, ஒரு நிமிஷம் திரும்பிப் பாப்போம்னு தோணாதா?"

"அவருக்கு அந்த நாலு நிமிஷம்..."

"தெரியும். அந்த நாலு நிமிஷத்தோடதான் நான் வளந்தேன். எங்கம்மா சாகறப்பவும் ஒரு கையில அவங்க கையி, இன்னொரு கையில வாட்ச். எத்தனை மணிக்குன்னு எழுதி வச்சாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேடி ஆள் விட்டிருக்காங்க அக்கா. டெலிபோன்கூடப் போட்டாங்களாம். எங்கேயோ ஒரு பொம்பள எடுத்து, சிரிச்சுட்டு வச்சுட்டாளாம்."

நான் இறைச்சி ரொட்டியின் மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு முறை செய்தேன்.

"எவளோ" என்றேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில் அவ்வளவு கோழையாக இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காற்றைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் ஆர்வில்லுக்கு எதிரே போய் நின்றேன். கையில் இருந்த துணியை வைத்துவிட்டேன், இல்லையென்றால் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

"டிரைவரே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வந்த போன்..."

"தெரியும்."

"என்ன தெரியும்? சபையிலேருந்துதான் கூப்பிட்டான். நான்தான் கேலின்னு நெனச்சு வச்சேன். உங்க மாப்பிள்ளை வேலையத் தொலைச்சது நான்தான்."

"ரெண்டு ஸ்டூல் தள்ளி உக்காந்திருந்தேன் ஹுல்டா. நீ பன்னெண்டுக்கு அஞ்சான்னு கத்தினியே, எனக்கென்ன காது செவிடா?"

மேடையில் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்போ உங்களுக்கு அப்பவே..."

"அதுக்கும் முன்னாடியே. ஒருத்தன் ஏணி போட்டு ஏறினான். பெண்டுலத்த ரெண்டு விரலால புடிச்சு நிறுத்தினான். எல்லாரும் கை தட்டினாங்க, திருவிழா மாதிரி. சபாநாயகர் சொல்றாரு, 'சபையின் நேரம் பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம், அப்படியே பதிவாகட்டும்'னு. என் வாட்ச் ஓடிட்டே இருக்கு. பன்னெண்டு ஆச்சு. பன்னெண்டு ஒண்ணு. எனக்கு வேர்த்துக் கொட்டுது ஹுல்டா. எதிர்ல வண்டி வர்றது எனக்கு மட்டும் கேக்குது, மத்தவன் எல்லாம் சிரிச்சுட்டு உக்காந்திருக்கான். எழுந்து வந்துட்டேன்."

"அப்போ பொய்க்குத் துணை போகக் கூடாதுன்னுதான் வந்தீங்க."

"அப்படிச் சொல்லிக்கலாம். ஊருக்குச் சொல்ல நல்லாவும் இருக்கும். ஆனா அது இல்ல. பயம். அறுபத்தொரு வயசுல, தரையில கெட்டியா நிக்கிற கட்டடத்துக்குள்ள, ஒரு மரக் கடிகாரத்தப் பாத்துப் பயந்துட்டேன். வெர்ன் மூஞ்சி ஞாபகம் வந்துது. உன் போன் வந்ததும் எழுந்து ஓடலாம்னுதான் கைய ஊனினேன். நீ பை வச்ச."

"ஓகோ! கடைசியில என் பை மேல பழியா?"

முகம் கோணிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் மேடையில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார். அது மீன் துடைத்த துணி.

"காலையில கம்பெனி ஆபீசுல லெட்டர் குடுத்துட்டேன்" என்றார். "இந்த மாசக் கடைசியோட இறங்கிக்கிறேன்."

"இன்னும் நாலு வருஷம் இருக்கே? முழுப் பென்ஷன்?"

"முழுசு வராது. சுருள் ரொட்டி வாங்க வரும்." விரலால் மேடைமேல் ஒரு கோடு போட்டார். "மேல ஒரு டிரைவர் இறங்கினா அந்த இடத்துக்கு ஒரு ஃபயர்மேன் ஏறுவான். கீழ எல்லாரும் ஒரு படி ஏறுவாங்க. ஒரு படிதான். வெர்ன் கோட்டுக்கு ஒரு படிதானே கீழ இருக்கான்."

"மேவிஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா வேண்டாம்னு சண்டை போடுவா. இல்லேன்னா மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுவா. ரெண்டையும் தாங்க என்னால ஆகாது. பலகை சொல்லட்டும். நீ வாயத் திறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ஏப்ரல் முதல் தேதி ஈரப் பனி கொட்டியது, எங்கள் வசந்தம் அப்படித்தான். ஆர்வில் வழக்கம்போல் மூன்றாவது ஸ்டூலில் இருந்தார். ரயில் உடுப்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் அவரைப் பார்க்க யாரோ போலிருந்தது. கதவு திறந்தது. மேவிஸ், நிறைமாசம், ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பின்னால் வெர்ன்.

நான்காவது மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெர்ன் தொப்பியைக் கழற்றினான். "மாமா, பட்டியல்ல உங்க பேரு இல்ல" என்றான். "என் பேரு கடைசியில இருக்கு. கோட்டுக்கு மேல." நேரே போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

மேவிஸ் சிரமப்பட்டு நான்காவது ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தட்டிலிருந்த சுருள் ரொட்டியைப் பிய்த்து அவர் கிண்ணத்திலேயே தோய்த்துத் தின்றாள். ஆர்வில் கிண்ணத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

இனி என்னால் முடியாது என்று தோன்றியது. "மேவிஸ், அந்தச் சிரிச்ச பொம்பள நான்தான்டி" என்றேன்.

"தெரியும்."

"அப்பா சொன்னாரா?"

"யாரும் சொல்லல. நாலு கடை தள்ளிக் கேக்கிற மாதிரி இந்தத் தெருவுல வேற எவ சிரிப்பா? அன்னைக்கே தெரியும். எப்ப வாயத் திறப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன்." இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தாள். "நீங்களும் சரி, இவரும் சரி."

ஆர்வில்லின் கை பழக்கத்தில் இடுப்புப் பைக்குப் போனது. கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார். அது ஆறேகாலில் நின்றிருந்தது. அன்று காலை அவர் அதற்குச் சாவி கொடுக்கவே இல்லை. மேவிஸும் அதைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த மனிதர் இன்னொருவரிடம் கேட்டார்: "ஹுல்டா, மணி என்ன?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். கோபுரத்தில் பன்னிரண்டு நாற்பது.

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன்.

மேவிஸ் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியாது. முதுகு குலுங்கியது.

"அப்ப சபை இன்னும் கலையல" என்றார் ஆர்வில். "ஒரு பை வை."

"ரெண்டா வைங்க அக்கா" என்றாள் மேவிஸ், தோளிலிருந்து தலையெடுக்காமல்.